காத்திருந்து பெறும் குழந்தை



 

1990 ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நமது மக்கள், 2009இன் பின்னர் சாளம்பைக்குளத்திலும் தண்ணீரூற்றிலும் மீண்டும் அடுப்பு மூட்டினார்கள். அங்கு நிக்காஹ் முடிந்த சில மாதங்களிலேயே, “விசேஷம் ஏதும் உண்டா?” என்ற கேள்வி மணமகளைத் துரத்தத் தொடங்குகின்றது. ஈராண்டு கடந்துவிட்டால் அவள் மீது பழிச்சொல்லும் வந்து விழுகின்றது.

பிள்ளையைத் தருபவனும், தான் நாடியோரைப் பிள்ளையின்றி வைப்பவனும் அல்லாஹ்வே என்பதை ஸூரா அஷ்ஷூரா உணர்த்துகின்றது. நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தலை நரைத்த பின்பும் இறைவனிடம் கையேந்தினார்கள். அவ்வாறிருக்க, ஒரு பெண்ணை மலடி என்று இகழ நாம் யார்? குறை ஆணிடத்திலும் இருக்கலாம். கணவனும் சேர்ந்தே பரிசோதனைக்குச் செல்வதுதான் நீதியாகும்.

ஓராண்டு முயன்றும் கரு உண்டாகாவிடில் வைத்தியரை நாடுதல் வேண்டும். மனைவி 35 வயதைக் கடந்தவராயின் ஆறு மாதங்களே போதும். உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தமது வாழ்நாளில் இத்துன்பத்தை அனுபவிப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

அன்பர்களே! கரு தங்கிய பின்னர் நடந்ததையெல்லாம் மறைத்துவிடுகின்றோம். இங்கேதான் தவறு செய்கின்றோம். நெடுநாள் காத்திருந்து கருவுற்ற தாய்மாருக்கு, 37 வாரங்களுக்கு முன்னரே பிரசவமாதலும், 2500 கிராமுக்குக் குறைந்த எடையில் குழந்தை பிறத்தலும் சற்று அதிகமாகக் காணப்படுகின்றன. மருந்தே எடுக்காமல் கருவுற்றவர்களிலும் இது தென்படுகின்றது. நோர்வேயில் மேற்கொள்ளப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்று, ஒரே தாய்க்குச் சிகிச்சையால் பிறந்த பிள்ளையையும் இயற்கையாகப் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டு நோக்கியது. இரண்டிற்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, சிகிச்சையை மட்டும் குறைகூற முடியாது. கருத்தரிப்பைத் தாமதப்படுத்திய காரணமே குழந்தையையும் பாதித்திருக்கலாம். எனினும், சிகிச்சையினால் இரட்டைக் கரு உண்டாகும்போது ஆபத்து கூடுகின்றது.

இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர், அல்ஹம்துலில்லாஹ். ஆனால், கிளினிக்கில் பதியும்போது எத்தனை ஆண்டுகள் காத்திருந்தீர்கள், என்ன மருந்து உட்கொண்டீர்கள் என்பதை மருத்துவ மாதுவிடம் ஒளியாமல் கூறுங்கள். அப்போதுதான் இரத்த அழுத்தம், சர்க்கரை, கருவின் வளர்ச்சி ஆகியவற்றை அவர்கள் கூடுதல் கவனத்துடன் பார்ப்பார்கள். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று இடங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உள்ளன. உள்ளூர்க் கிராமத்திலிருந்து அங்கு சென்றடைய நேரமாகும் என்பதால், குறைமாதப் பிரசவத்தின் அறிகுறி கண்டதும் தாமதியாது புறப்படுவதற்கு வாகனத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

புதுமணத் தம்பதிகளே! கருவுறும் முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுப்பது, சிசுவின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்க உதவுகின்றது. வெற்றிலை புகையிலையையும் சிகரெட்டையும் இருவரும் விட்டொழியுங்கள். குழந்தை எடை குறைந்து பிறந்தால், தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைத்துத் தாய்ப்பாலூட்டுவது உயிர்காக்கும் வைத்தியமாகும்.

மாமிமார்களே! உங்கள் மருமகளிடம் இனி, “விசேஷம் உண்டா?” என்று கேளாதீர்கள். “மகளே, கிளினிக்குக்கு நானும் துணைக்கு வரட்டுமா?” என்று கேளுங்கள். அதுவும் ஒரு ஸதக்காவே.

காத்திருக்கும் ஒவ்வொரு இல்லத்திற்கும் அல்லாஹ் ஸாலிஹான மக்களை வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.