சுட்டவர் யார், அறிந்திருந்தவர் யார்?



1964 நவம்பரில் இதே புனே நகரத்து மண்டபம் ஒன்றில் சத்ய விநாயக பூசை நடைபெற்றது. காந்தியடிகள் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, முந்தைய மாதம் விடுதலையாகியிருந்த கோபால் கோட்சேக்கும் விஷ்ணு கர்க்கரேக்கும் அளிக்கப்பட்ட வரவேற்பு அது. தலைமை வகித்தவர் திலகரின் மகள்வழிப் பேரனான பத்திரிகையாளர் ஜி.வி. கேத்கர். நாதுராமின் நோக்கம் தமக்கு முன்கூட்டியே தெரியும் என்று அவர் மேடையிலேயே கூறினார். நாடாளுமன்றம் கொந்தளித்தது, விசாரணை ஆணையம் பிறந்தது. கொலை நடந்து பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன!

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அமெரிக்காவில் வாரன் ஆணையம் கென்னடி கொலையைத் தனியொருவனின் செயல் என்று அறிவித்திருந்தது. 1979இல் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபைக் குழுவோ, சதி இருந்திருக்கக்கூடும் என்றது. லிங்கன் கொலையில் தண்டனை விரைந்து வந்தது. 1865 ஏப்ரலில் கொலை. ஜூலையில் நால்வருக்குத் தூக்கு. ஆனால், பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குத் தென்கடற்கரையில் ஒதுக்கப்பட்டிருந்த நிலங்களைப் பழைய எசமானர்களிடமே திருப்பி அளித்தார். கயிறு கொலையாளிகளோடு நின்றுவிட்டது. நிலம் எவருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே அக்கொலையின் அரசியல் கணக்கு.

புனேயின் கணக்கிற்கு வருவோம். 1948 ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் குண்டு வெடித்த உடனேயே மதன்லால் பாவா பிடிபட்டான். கூட்டாளிகளுள் ஒருவர் மராத்திப் பத்திரிகை ஆசிரியர் என்ற செய்தி காவல்துறைக்குக் கிடைத்தது. 'அக்ரணி', பின்னர் 'இந்து ராஷ்ட்ர' என்ற பெயர்களில் அவ்வேடு வெளிவந்தது இந்நகரிலிருந்துதான். அதன் ஆசிரியர் நாதுராம். நிர்வாகி நாராயண் ஆப்தே. புனேயில் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். பத்து நாட்கள் வீணாயின.

பின்னர் எழுந்த மக்கள் சினமும் திசை மாறியது. புனேயிலும் சாத்தாரா, கோலாப்பூர் வட்டாரங்களிலும் பார்ப்பனர் வீடுகள் எரிக்கப்பட்டன. குற்றமற்ற குடும்பங்கள் வீதிக்கு வந்தன. சித்தாந்தத்திற்குத் தீக்காயம் ஏதும் இல்லை. பிப்ரவரி 4 அன்று தடை செய்யப்பட்ட ஆர்.எஸ்.எஸ். மீதான தடை 1949 ஜூலையில் நீங்கியது. கோட்சேயும் ஆப்தேயும் தூக்கிலிடப்பட்டது அதே ஆண்டு நவம்பர் 15 அன்றுதான். தண்டனை நிறைவேறும் முன்பே தடை நீங்கிவிட்டது!

அப்ரூவர் திகம்பர் பட்கேயின் சாட்சியத்திற்குத் துணைச் சான்று இல்லை என்பதால் சாவர்க்கர் விடுதலையானார். அவருடைய மெய்க்காவலரும் செயலாளரும் 1948இலேயே காவல்துறையிடம் கூறியவை செங்கோட்டை நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. அவற்றைப் பரிசீலித்த நீதிபதி கபூர் ஆணையம், சாவர்க்கரும் அவர் குழுவும் செய்த கொலைச்சதி என்பதைத் தவிர வேறு முடிவுக்கு இடமில்லை என்று 1969இல் எழுதியது. சாவர்க்கர் 1966இலேயே மறைந்துவிட்டார்.

2013 ஆகஸ்ட் 20. ஓங்காரேஷ்வர் கோயிலருகே பாலத்தில் காலை நடை சென்ற மருத்துவர் நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்த மூடநம்பிக்கை எதிர்ப்புச் சட்டம் சில நாட்களில் அவசரச் சட்டமாயிற்று. உயிருடன் இருந்தவரை அவர் கேட்டும் கிடைக்காத சட்டம் அது. 2015 பிப்ரவரியில் கோலாப்பூரில் தோழர் கோவிந்த் பன்சாரே சுடப்பட்டார். அதே ஆண்டு தார்வாடில் கல்புர்கி. 2017இல் பெங்களூரில் கௌரி லங்கேஷ்.

தபோல்கர் வழக்கில் 2024 மே 10 அன்று புனே சிறப்பு நீதிமன்றம், துப்பாக்கி ஏந்திய இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது, மூவர் விடுதலையாயினர். மூளையாகச் செயல்பட்டவர்கள் வேறு எவரோ, அவர்களைக் காவல்துறையும் சிபிஐயும் கண்டுபிடிக்கத் தவறின என்று தீர்ப்பே கூறுகிறது. மூவர் விடுதலையை எதிர்த்துக் குடும்பத்தினர் உயர்நீதிமன்றம் சென்றுள்ளனர். கொலை நடந்த பாலத்தில், பல ஆண்டுகளாக மாதந்தோறும் 20ஆம் நாள் கூடிய தோழர்கள் எழுப்பிய கேள்வியும் அதுதான்: ஏவியவர் யார்?