பூச்சை உரித்த பிறகு: பழைய கோவாவின் சேசு சபை மடம்

நான் உத்திரமேரூர்க்காரன். எங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இன்னைக்கும் தெளிவா நிக்குது. 1100 வருஷம் ஆச்சு. காரணம், அது கருங்கல். அதனாலயே எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும் 'இது என்ன கல்?'னுதான் முதல்ல கேட்பேன். இன்னைக்கு அதே கேள்வியோட பழைய கோவாவுக்குப் போறோம்.

பாம் ஜீசஸ் பசிலிக்கா. கோவா போய் வந்த பலர் போன்லயும் அந்தச் செக்கச்செவேல் முகப்பு இருக்கும். நம்ம முத்துக்குளித்துறையில் போதித்த சவேரியாரின் உடல் இருக்கிற இடம். அதை ஒட்டி நிற்கிற மாடிக் கட்டடத்தைத்தான் நிறைய பேர் கவனிக்கிறதில்லை. அதுதான் சேசு சபையின் பழைய மடம், 'காசா ப்ரொஃபெஸா'. இறுதி வாக்குறுதி எடுத்த துறவிகள் தங்கின வீடு. சபை விதிப்படி இந்த மாதிரி வீட்டுக்கு நிலையான வருமானம் கூடாது, காணிக்கையில்தான் வாழணும்.

மடம் 1580களில் எழுந்தது. தேவாலயத்துக்கு 1594-ல் அடிக்கல், 1605-ல் அர்ச்சிப்பு. 1759-ல் போர்ச்சுகல் அரசு சேசு சபையையே வெளியேற்றியது. ஆள் போயாச்சு, கட்டடம் நின்றது.

சரி, என்ன கல்? பெரும்பாலும் லேட்டரைட், அதாவது செம்பூராங்கல். வெட்டும்போது மிருதுவா இருக்கும், காத்துப் பட்டா இறுகும். ஆனா உள்ளே முழுக்கப் பொத்தல், தண்ணியை உறிஞ்சும். கோவாவுல வருஷத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. கட்டினவங்களுக்கு இது தெரியும். அதனால சுவர் முழுக்கச் சுண்ணாம்புக் காரை பூசினாங்க. அழகுக்கு மட்டுமில்ல, மழைக்கும் சேர்த்து.

1950களில், போர்ச்சுகீசிய ஆட்சியிலேயே, 'பழமையாத் தெரியணும்'னு பசிலிக்காவின் வெளிப்பூச்சை உரிச்சுட்டாங்க. நாம ரசிக்கிற அந்தச் சிவப்புக்கு நூறு வயசுகூட ஆகல! அன்னையிலிருந்து ஒவ்வொரு பருவமழையும் நேரா கல்லுல இறங்குது. 2020-ல கூரை ஒழுகல் பத்தி பசிலிக்கா நிர்வாகமே வெளிப்படையா முறையிட்டது.

என் கருத்து: திரும்பப் பூசணும். சிவப்பு போயிடுமேன்னு வருத்தம் வரும்தான். ஆனா நமக்குப் பழகின தோற்றம் முக்கியமா, கல் முக்கியமா?

அடுத்த தடவை போனா, எதிரே வெள்ளையா நிற்கிற சே கதீட்ரலையும் ஒரு நிமிஷம் பாருங்க. இந்தச் சுவரும் ஒரு காலத்தில் அப்படிப் பூச்சுக்குள்ளதான் இருந்தது.