காத்திருக்கும் இடத்தில் ஒரு கட்டம் போடுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



சேமிப்பு, கடன், தொழில் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நல்லாச் சொன்னாங்க. நான் விளையாட்டைப் பத்திப் பேச வந்திருக்கேன். சிரிக்காமக் கேளுங்க.

நம்ம ஊர்ப் பொது இடங்களை நினைச்சுப் பாருங்க. மரத்தடியும் டீக்கடை பெஞ்சும் ஆம்பளைங்களுக்கு. மைதானம் கிரிக்கெட் ஆடுற பையன்களுக்கு. பொம்பளப் பிள்ளை வயசுக்கு வந்துட்டா, தெருவில் விளையாடுறது அன்னையோட சரி. நமக்குப் பொது இடம்னா ரேஷன் கடை, பஸ் ஸ்டாப், அங்கன்வாடி வாசல். அங்கேயும் காத்துக்கிட்டு நிற்போம், வேலை முடிஞ்சா கிளம்பிடுவோம்.

அந்தக் காத்திருக்கும் இடத்தில்தான் எங்க குழு கை வெச்சது. ஊராட்சித் தலைவரிடம் அனுமதி வாங்கி, ரேஷன் கடைப் பக்கத்துச் சிமெண்ட் தளத்தில் விளையாட்டுக் கட்டங்கள் வரைந்தோம். பெயிண்டும் பிரஷும்தான் செலவு.

எடுத்ததும் பெயிண்ட் அடிக்கவில்லை. சாக்பீஸால் வரைந்து ஒரு வாரம் பார்த்தோம். வெயில் விழுந்த பக்கம் யாரும் உட்காரவில்லை, அதனால் நிழல் இருந்த ஓரத்துக்கு மாற்றினோம். வண்டி வர்ற பக்கத்தை விட்டுட்டோம். பெயிண்ட் அடிச்ச தரை ஈரத்தில் வழுக்கும். அதுக்காகச் சலித்த மணலைக் கொஞ்சம் கலந்து அடித்தோம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாண்டிக் கட்டம், பெரியவங்களுக்குத் தாயக்கட்டம். தரையில் உட்கார முடியாத பாட்டிமாருக்குத் திண்ணை மேலேயே ஆடுபுலி ஆட்டம். காய்க்குக் கூழாங்கல், புளியங்கொட்டை, ஓட்டுச்சில்லு. தொலைஞ்சாலும் கவலையில்லை. ஆனா அங்கன்வாடி வாசலில் கொட்டை வெச்சு ஆடுறது வேண்டாம். குழந்தைங்க வாயில், மூக்கில் போட்டுக்கும். அங்கே தாண்டி ஆடுற ஆட்டம் மட்டும் போதும்.

"பொம்பளைங்க தெருவில் தாயம் உருட்டினா ஊர் உருப்படுமா?" என்று சிலர் கேட்டாங்க. காசு வெச்சு ஆடக் கூடாதுன்னு முதல் நாளே முடிவு பண்ணியிருந்தோம். வரிசை நகர்ந்தா காயை அப்படியே விட்டுட்டுப் போகலாம், அடுத்து வர்றவங்க தொடரலாம்னும் வெச்சோம். அதனால் யார் வேலையும் கெடலை. பொது இடத்தில் ஆடுறதும் புதுசு இல்லை. பழைய கோயில் மண்டபங்கள் பலவற்றின் கல் தரையில் ஆடுபுலிக் கோடுகளை இன்னைக்கும் பார்க்கலாம்.

இப்போ சாயந்திரம் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைங்க அங்கே வர்றாங்க. அம்மா, சித்தி, அத்தை யாராவது இருக்கிறதால் வீட்டில் தடுக்கிறதில்லை. கல்யாணமாகிப் புதுசா வந்த பொண்ணுங்க ஊரில் நாலு பேரைப் பழகிக்கிட்டதும் அங்கேதான். அதில் இரண்டு பேர் குழுவிலும் சேர்ந்துட்டாங்க.

ஆடுபுலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15. தனியா நிற்கிற ஆட்டைப் புலி தாண்டி வெட்டிடும். அந்த ஆட்டுக்குப் பின்னாடி இன்னொரு ஆடு நின்னா வெட்ட முடியாது. ஆடுங்க சேர்ந்து நகர்ந்தா புலிக்கு நகர வழி இல்லாமப் பண்ணிடலாம். குழுன்னா என்னன்னு என் மகளுக்கு நான் இதை வெச்சுத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

நான் கேட்டுக்கிறது இரண்டுதான். ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊரில் பெண்கள் காத்திருக்கும் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, முதலில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பாருங்க. எந்த இடத்தில் ஆள் சேருதோ, அங்கே நிழலும் உட்காரத் திண்ணையும் வேணும்னு அக்டோபர் 2 கிராம சபையில் எல்லாரும் சேர்ந்து மனு கொடுப்போம். நம்ம பிள்ளைங்களுக்கு ஊருக்குள்ள உட்கார ஒரு இடம் இருக்கட்டும்.