இரண்டு ஏரிகளுக்கு இடையே



பிழைப்பை நாடி வேற்று மாநிலத்தில் குடியேறியவனுக்கு, அவன் வாழும் நகரம் நாளடைவில் மூன்றே இடங்களாகச் சுருங்கிவிடுகிறது. அலுவலகம் ஒன்று, வீடு ஒன்று, கோயில் ஒன்று. செகந்திராபாத்தில் வாழும் தமிழர்களைக் கேட்டால், மாரேட்பள்ளியின் தெருக்களையும் பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயிலையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள். ஆனால் இந்த ஊர் எந்த ஆற்றங்கரையில் நிற்கிறது, எந்த ஏரியின் நீரால் வளர்ந்தது என்று கேட்டால், விடை சொல்லச் சற்றே தயங்குவார்கள். இக்குறையைப் போக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு சைக்கிளும், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் இருந்தால் போதும்.

ஐதராபாத்தின் மேற்குப் புறத்தில் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்னும் இரண்டு பெரும் நீர்த்தேக்கங்கள் உள்ளன. முன்னதை மக்கள் காண்டிப்பேட்டை ஏரி என்றே அழைக்கிறார்கள். இவ்விரண்டையும் இடையிலுள்ள காட்டுக் குன்றுகளையும் சுற்றிவர ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஆகும். ஊரிலுள்ள சைக்கிள் ஆர்வலர் பலர் விடியற்காலையில் இப்பாதையில் செல்வதைக் காணலாம்.

இச்சுற்றை லங்கர் ஹவுஸில் தொடங்குவது பொருத்தம். அங்கே பாபு காட் என்னும் இடத்தில் மூசி, ஈசி என்னும் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. 1948ஆம் ஆண்டில் காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி கரைக்கப்பட்ட சங்கமம் இதுவே. மூசியின் மேல்நீர் உஸ்மான் சாகரில் தேங்குகிறது. ஈசியின் மேல்நீர் ஹிமாயத் சாகரில் தேங்குகிறது. ஆகவே நாம் ஓர் ஆற்றை நோக்கி மேலேறி, நடுவிலுள்ள மேட்டைக் கடந்து, மற்றோர் ஆற்றின் வழியே இறங்கி, புறப்பட்ட சங்கமத்துக்கே திரும்புகிறோம்.

இந்த ஏரிகள் இயற்கை தந்தவை அல்ல. ஒரு பேரழிவு தந்த பாடத்தால் எழுந்தவை. 1908 செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு பெருகி ஐதராபாத்தை வாரிக்கொண்டு போயிற்று. பல்லாயிரம் உயிர்கள் மாண்டன. அன்று ஒரு புளியமரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு ஏறக்குறைய 150 பேர் உயிர் தப்பினர் என்பது இந்நகரத்தார் இன்றும் சொல்லும் செய்தி. அம்மரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் உள்ளது. வெள்ளம் இத்துணைக் கொடுமையாக வந்ததற்குப் பெருமழை மட்டும் காரணமன்று. மேல்நிலங்களில் இருந்த சிற்றேரிகள் பல ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து, அவற்றின் நீரெல்லாம் ஒரே நேரத்தில் நகரின்மேல் பாய்ந்தது.

மறு ஆண்டில், அதாவது 1909இல், நிஜாம் அரசு புகழ்பெற்ற பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்து ஆலோசனை கேட்டது. நகருக்குள் கரைகளை உயர்த்துவதோடு நின்றால் போதாது, நகருக்கு மேலேயே இரு ஆறுகளின் வேகத்தையும் தடுத்து நிறுத்த வேண்டும் என்பது அவர் கூறிய மருந்தின் சாரம். அதன்படி மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920இலும், ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927இலும் கட்டி முடிக்கப்பட்டன. முன்னது கடைசி நிஜாமின் பெயரையும், பின்னது அவருடைய மூத்த மகனின் பெயரையும் தாங்கி நிற்கின்றன.

லங்கர் ஹவுஸிலிருந்து மேற்கு நோக்கி மிதிக்கத் தொடங்கியதும், பாதை மெல்ல மெல்ல உயர்வதைக் கால்கள் உணரும். காரில் செல்பவருக்கு இது தெரியாது. இந்தச் சரிவுதான் பழைய ஐதராபாத்தின் குடிநீர் வரலாறு. உஸ்மான் சாகரின் நீர் எவ்வித இயந்திரமும் இல்லாமல் தானே சரிந்து ஓடி, ஆசிப் நகரிலுள்ள வடிகட்டும் நிலையத்தை அடையுமாறு கால்வாய் அமைத்தார்கள். நாம் மூச்சு வாங்க ஏறும் அதே மேட்டைத்தான் நீர் செலவில்லாமல் இறங்கி வந்தது. இன்று நகரம் பன்மடங்கு பெருகிவிட்டது. 100 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து கிருஷ்ணா, கோதாவரி நீரை இயந்திரங்களால் மேலேற்றிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பழைய இரண்டு ஏரிகளின் பங்கு இப்போது சிறிதே. ஆயினும் செலவின்றி வரும் நீரின் அருமை, மேட்டில் சைக்கிள் மிதித்தவனுக்கு விளங்குவதுபோல் வேறு எவருக்கும் விளங்காது.

உஸ்மான் சாகரின் அணை மீது காலை வெயில் படும் காட்சி மதுராந்தகம் ஏரிக்கரையையோ, செம்பரம்பாக்கத்தையோ நினைவூட்டாமல் இராது. அங்கிருந்து தெற்கே திரும்பிச் செவெள்ளா சாலையைப் பிடித்தால், இரு ஆறுகளுக்கும் நடுவிலுள்ள மேட்டு நிலத்தில் ஏறிவிடுகிறோம். இம்மேட்டின் ஒருபுறம் பெய்யும் மழை மூசியைச் சேரும். மறுபுறம் பெய்யும் மழை ஈசியைச் சேரும்.

செவெள்ளா வழியாக மேற்கே செல்லும் அந்த நெடுஞ்சாலை, ஆலமரங்களுக்குப் பெயர்போனது. ஏறக்குறைய 46 கிலோமீட்டர் நீளத்தில் சுமார் 900 மரங்கள் கணக்கிடப்பட்டன. சாலையை அகலப்படுத்தும் திட்டம் வந்தபோது, அவற்றைக் காக்க வேண்டி இயற்கை ஆர்வலர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றார்கள். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. சைக்கிளில் செல்பவன் ஒவ்வொரு மரத்தடியிலும் அதை மெய்யென்று காண்கிறான்.

இச்சாலையிலிருந்து கிளை பிரிந்து சிலுக்கூர் சென்றால் பாலாஜி கோயில். இங்கே உண்டியல் இல்லை. வேண்டுதலின்போது 11 சுற்று. வேண்டியது நிறைவேறியதும் 108 சுற்று. வெளிநாடு செல்ல விரும்பும் இளைஞர் கூட்டம் மிகுதியாக வருவதால், விசா பாலாஜி என்றே பெயர் வழங்கிவிட்டது. கோயிலுக்கு அண்மையில் மிருகவனி தேசியப் பூங்கா. 1994ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாக விளங்கும் இக்காட்டின் பரப்பு சுமார் 3.6 சதுர கிலோமீட்டர். புள்ளிமானும் மயிலும் உலவும் வறண்ட காடு இது. நீலகிரிச் சோலையின் குளிர்ச்சியை இங்கே தேடக்கூடாது. கருங்கல் பாறைகள், முட்புதர்கள், பாறையிடுக்கில் வேரூன்றிய சீதாமரங்கள், இளவேனிலில் செந்தீயெனப் பூக்கும் புரசு - இவையே தக்காணத்தின் அழகு. பழகப் பழகத்தான் இவ்வழகு பிடிபடும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வழியில் மற்றோர் இன்பமும் உண்டு. தெலுங்கர் பெரிய ஏரியைச் செருவு என்பர். சிறியதைக் குண்ட என்பர். ஓடையை வாகு என்பர். குன்றைக் குட்ட என்பர். ஊர்ப் பெயர்களைக் காதில் வாங்கிக்கொண்டே சென்றால், எங்கே நீர் நின்றது, எங்கே ஓடியது, எங்கே மேடு இருந்தது என்று ஒரு நிலப்படமே மனத்தில் விரிகிறது. அகராதி கற்பிக்காத தெலுங்கை இந்தப் பாதை கற்பிக்கிறது.

மேட்டிலிருந்து தெற்கே இறங்கினால் ஹிமாயத் சாகர். உஸ்மான் சாகரின் நிறைமட்டம் 1,790 அடி. இதனுடையது சுமார் 1,763 அடி. இறக்கத்தில் சைக்கிள் தானே உருளும். அணையைக் கண்டு, இராஜேந்திர நகரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பசுமையைக் கடந்து, மீண்டும் சங்கமத்தை அடைகிறோம்.

இவ்வளவு பெரிய நகரத்தின் வாயிலில் இவ்வளவு திறந்தவெளி எஞ்சியது எவ்வாறு? 1996ஆம் ஆண்டில் அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு 111ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. இரு ஏரிகளையும் சுற்றி 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலைகளும் பெரும் குடியிருப்புகளும் எழக்கூடாது என்றது அது. 84 கிராமங்கள் அதற்குள் அடங்கின. உச்ச நீதிமன்றமும் அந்த ஏரிகளைக் காக்கும் தரப்பிலேயே நின்றது. பின்னர் 2022 ஏப்ரலில் தெலங்கானா அரசு வேறோர் ஆணையால் அக்கட்டுப்பாடுகளை விலக்கியது. ஏரியின் நீர் இப்போது அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்பது ஒரு வாதம். தங்கள் நிலத்தின் விலை உயராமல் கட்டுண்டு கிடக்கிறதே என்னும் கிராமத்தாரின் மனக்குறையும் புறக்கணிக்கத் தக்கதன்று.

ஆனால் ஏரி என்பது குடிநீர்ப் பானை மட்டுமன்று. வெள்ளத்துக்கு இட்ட பூட்டும் ஆகும். 2020 அக்டோபரில் ஐதராபாத்தில் பெருமழை கொட்டியபோது ஹிமாயத் சாகரின் மதகுகளைத் திறக்க நேர்ந்தது. 2015 டிசம்பரில் சென்னை பட்ட பாட்டை நாம் எவரும் மறக்கவில்லை. மழைநீரை உறிஞ்சும் மண்மீது சிமெண்டுத் தளம் பரவினால், ஏரிக்கு வரும் வெள்ளம் முன்னிலும் விரைந்து வரும். 1908ஆம் ஆண்டின் பாடம் மேல்நிலத்தைப் பற்றியது. அதை மறப்பவர் மறுபடியும் கற்க நேரிடும். அதற்குரிய கட்டணம் பெரிது.

செல்ல விரும்புவோருக்குச் சில சொற்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற பருவம். விடியும் முன் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் திரும்புவது நலம். தலைக்கவசமும், முன்னும் பின்னும் விளக்கும், இரண்டு புட்டி நீரும் இன்றியமையாதவை. வெளிவட்ட விரைவுச் சாலையின் மையப் பாதையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை; பக்கச் சாலையே நமக்குரியது. நெடுந்தூரம் பழகாதவர்கள், 2023ஆம் ஆண்டில் அச்சாலையோரம் திறக்கப்பட்ட 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதையில் முதலில் பழகலாம். அதன்மேல் கூரையாக வேய்ந்த சூரியத் தகடுகள் மின்சாரமும் தருகின்றன, நிழலும் தருகின்றன.

டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழன்பர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் நகரத்துக்கும் ஓர் ஆறு உண்டு. ஓர் ஏரி உண்டு. அவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. பிறந்த ஊரின் ஏரியை நமக்கு எவரும் கற்பிக்கவில்லை. அதன் கரையில் நடந்தே அறிந்தோம். வாழவந்த ஊரின் ஏரியையும் அவ்வாறே சென்றுதான் அறிய வேண்டும். ஒரு நகரத்தின் நீரைப் பல ஆண்டு குடித்த பின்னும் அதன் ஊற்றுக்கண்ணை அறியாதிருப்பவன் அங்கே விருந்தாளியே. அதைச் சென்று கண்டு, அது கெடாமல் இருக்க வேண்டும் என்று கவலைப்படத் தொடங்கும் நாளில்தான் அவன் அவ்வூர்க் குடிமகன் ஆகிறான்.