புகாரை எழுதிக் கொடுப்போம்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காவல்துறை மீது மக்களுக்கு நம்பிக்கை திரும்ப என்ன செய்யலாம் என்று பேசச் சொன்னார்கள். போலீஸைக் குறை சொல்ல நிறைய இருக்கிறது. இன்று நம் பக்கத்தையும் சேர்த்தே பேசுகிறேன்.

சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில் சம்பவம் உங்களுக்கு நினைவிருக்கும். 2025 ஜூன் 27. கோயிலுக்கு வந்தவர்களின் காரில் இருந்த நகையைக் காணவில்லை என்று புகார். கோயில் காவலாளி அஜித்குமாரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். மறுநாள் அவர் உயிரோடு இல்லை. உடலில் 44 காயங்கள். ஐந்து காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. எப்.ஐ.ஆர். பதியாமலேயே தனிப்படை எப்படி விசாரணையில் இறங்கியது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது.

அது எங்கோ தெற்கே நடந்தது என்று விட்டுவிட முடியாது. 2022 ஜூனில் நம் வடசென்னையில், கொடுங்கையூர் காவல் நிலையத்தில், விசாரணைக்கு அழைத்துவரப்பட்ட ஒருவர் இறந்தார்.

இப்போது நம் கேட்டுக்கு வருவோம். ஒரு வீட்டில் செயின் காணாமல் போகிறது. உடனே நாம் என்ன சொல்கிறோம்? "சார், கேஸெல்லாம் வேண்டாம், அந்த செக்யூரிட்டியைக் கூப்பிட்டு ரெண்டு தட்டு தட்டினா உண்மை வந்துடும்." கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்று நாம் தேடும் குறுக்குவழி அது. ஆனால் எழுத்தில் இல்லாத விசாரணையில் எத்தனை மணிக்கு அழைத்துப் போனார்கள், யார் அழைத்துப் போனார்கள் என்று எதற்கும் கணக்கு இருக்காது. அடிக்கும் லஞ்சத்துக்கும் இடம் கிடைப்பது அங்கேதான். நம் கேட்டில் நிற்பவரும் வீட்டு வேலைக்கு வருபவரும் பக்கத்துக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்காகப் பேச வக்கீல் ஓடி வரமாட்டார்.

சட்டம் நமக்குத் துணையாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி எப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். சில குற்றங்களுக்கு மட்டும் மேலதிகாரி அனுமதியுடன் முதற்கட்ட விசாரணை உண்டு, அதையும் 14 நாட்களில் முடிக்க வேண்டும். நிலையத்தில் புகாரைப் பதிய மறுத்தால் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்பலாம், அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் நமக்குத் தெரிவிக்க வேண்டும். சாட்சியாக விசாரிப்பதற்குப் பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது, அவர்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்கிறது 179-வது பிரிவு.

லஞ்சம் பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவரிடம் நானும் ஒருமுறை "டீ செலவுக்கு" என்று கொடுத்திருக்கிறேன். கேட்டது அவர் தப்பு, கொடுத்தது என் தப்பு. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் தப்பலாம். லஞ்ச ஒழிப்புத் துறையின் கட்டணமில்லா எண் 1064. கொடுப்பதற்கு முன்பே அழைப்பது நல்லது.

கேமரா மட்டும் போதாது. 2020-இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இறந்த வழக்கில், நிலையத்தின் சிசிடிவி பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரித்த மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னார். அப்படிப்பட்டவர்களும் அந்தத் துறையில்தான் இருக்கிறார்கள். நாம் முறைப்படி நடந்தால் அவர்கள் கை வலுப்படும்.

சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள் வைக்கிறேன்:

1. திருட்டுப் புகார் எதுவானாலும் எழுத்தில் கொடுப்போம். செயலாளர் கூடப் போய், சி.எஸ்.ஆர். ரசீதோ எப்.ஐ.ஆர். நகலோ வாங்காமல் திரும்பக் கூடாது.

2. நம் பணியாளர் யாரையாவது விசாரணைக்கு அழைத்துச் சென்றால், வந்த அதிகாரியின் பெயர், நிலையம், நேரம் ஆகியவற்றை கேட் பதிவேட்டில் எழுதுவோம். அவர் குடும்பத்துக்கு உடனே தகவல் சொல்வோம். சங்கத்திலிருந்து ஒருவர் நிலையத்துக்குப் போவோம்.

3. சம்பவ நாளின் கேமரா பதிவை அன்றே நகலெடுத்து வைப்போம்.

4. எந்த வேலைக்கும் பணம் கொடுப்பதில்லை என்று சங்கமாக முடிவெடுப்போம்.

போன செயினைக் கண்டுபிடிக்கப் பல வழி உண்டு. நம் வாய்ப்பேச்சால் போன உயிரை எந்த நிலையத்திலும் மீட்க முடியாது.