திருவிதாங்கோட்டு அரைப்பள்ளி

மேலைநாட்டில் வேல்சு என்னும் மலைநாட்டுச் சிற்றூர்களின் பெயர்களைப் பார்த்தால், பல ‘லான்’ என்ற சொல்லோடு தொடங்குவதைக் காணலாம். ஆலயம் அமைந்த அடைப்புநிலம் என்பது அச்சொல்லின் பொருள். அங்கே ஆலயம் முதலில் எழுந்தது. அதன் பெயரே ஊருக்கும் ஆயிற்று. நம் தென்கோடியிலும் சிற்றூர் ஒன்றும் அதனுள் பழைய ஆலயம் ஒன்றும் உண்டு. ஆனால் இங்குக் கதை வேறு. இவ்வூர் தன் பெயரை ஓர் அரசுக்கே கொடுத்தது. அரசு மறைந்தது, ஊரும் ஆலயமும் நிலைத்திருக்கின்றன. அவ்வூர்தான் திருவிதாங்கோடு.

நெய்யாற்றங்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட அமரவிளையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே சென்றால் இவ்வூரை அடையலாம். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று வழி செல்லும். 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கல்குளம், விளவங்கோடு, அகத்தீசுவரம், தோவாளை ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் களியக்காவிளையை அடுத்து எல்லைக்கோடு ஒன்று உண்டு. ஆயினும் எங்கள் வீடுகளில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்தே பேசுகின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அக்கோட்டைப் பார்த்து நிற்பதில்லை.

‘திரு வாழும் கோடு’ என்பதே திருவிதாங்கோடு ஆயிற்று என்று பெயர்க்காரணம் கூறுவர். வேணாட்டு மன்னர்களின் இருக்கையாக இவ்வூர் விளங்கிற்று. பின்னர் அரசிருக்கை அருகிலுள்ள கல்குளத்திற்குப் பெயர்ந்தது. மார்த்தாண்டவர்மர் 1744 இல் கல்குளத்திற்குப் பத்மநாபபுரம் என்று பெயரிட்டார். 1795 இல் தலைநகர் திருவனந்தபுரம் சென்றது. தலைநகர் போனாலும் நாட்டின் பெயர் மட்டும் ‘திருவிதாங்கூர்’ என்றே நின்றது. ஆங்கிலேயர் அதை ‘டிராவன்கூர்’ ஆக்கினர். 1949 இல் கொச்சியோடு இணைந்தபோதும், 1956 இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோதும் அப்பெயர் படிப்படியாக அரசாங்க ஏடுகளிலிருந்து நீங்கிற்று. இன்று கேரளபுரத்துச் சிவன் கோயிலும், இசுலாமியர் தெருக்களும், ஒரு சிறு கிறித்தவ ஆலயமுமாக ஊர் அமைதியாக வாழ்கிறது.

அந்தச் சிறு ஆலயமே அரைப்பள்ளி. மலையாளத்தில் அரப்பள்ளி என்பர். இயேசுவின் சீடராகிய தோமையார் கி.பி. 52 இல் கொடுங்கல்லூர்க் கரையில் இறங்கினார் என்பதும், ஏழு ஆலயங்களும் ஓர் அரை ஆலயமும் நிறுவினார் என்பதும் மலங்கரைக் கிறித்தவர்களின் மரபு. அந்த அரைதான் இது, ஆண்டு கி.பி. 63 என்று சொல்லப்படுகிறது. வேறு சிலர், அரசன் நிலமும் துணையும் அளித்தமையால் அரசப்பள்ளி என்றிருந்ததே அரப்பள்ளி எனத் திரிந்தது என்பர். மொழிபெயர்ப்பாளன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஊரார்க்கு அந்த இடர் இல்லை. இரண்டையும் அவர்கள் சொல்லிக்கொள்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாலயத்தைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கினோம். வாக்கியம் சுருக்கமாக அமைய வேண்டும் என்று கருதி, ‘என்பது மரபு’ என்னும் இரு சொற்களை விட்டுவிட்டு, ‘கி.பி. 63 இல் கட்டப்பட்டது’ என்றே எழுதினோம். பின்னர் ஒருமுறை அங்குச் சென்றபோது, ஆலய முற்றத்தில் இருந்த முதியவர் ஒருவரிடம் பெருமையோடு அதைப் படித்துக் காட்டினோம். அவர் மகிழ்வார் என்று எண்ணியது பிழையாயிற்று. “தம்பி, நாங்கள் கண்டோம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்பன் சொல்லக் கேட்டோம் என்றுதான் சொல்கிறோம். நீங்கள் ஏன் எங்களைக் கண்சாட்சி ஆக்குகிறீர்கள்?” என்றார். நாங்கள் தலைகுனிந்தோம். இரண்டு சொற்களைக் குறைத்ததனால் ஒரு சமூகத்தின் நேர்மையையே குறைத்துவிட்டோம் அல்லவா?

அவர் சொன்னதில் வரலாற்றறிஞரின் நிதானம் இருந்தது. தோமையாரை இந்தியாவோடு தொடர்புறுத்தும் பழைய சிரியாக் நூல் மூன்றாம் நூற்றாண்டினது. ஆறாம் நூற்றாண்டில் காசுமாசு என்னும் கிரேக்க வணிகர் மிளகு விளையும் மலைநாட்டுக் கரையில் கிறித்தவர் வாழ்ந்ததைக் குறித்தார். கி.பி. 849 இல் வேணாட்டு அய்யன் அடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடு இன்றும் உள்ளது. சாட்சியர் சிலர் அதில் அரபு, பாரசீகம், எபிரேயம் ஆகிய எழுத்துகளில் ஒப்பமிட்டிருக்கின்றனர். ஆகவே இக்கரையில் கிறித்தவம் மிகத் தொன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஊரில், இந்த ஆண்டில் என்று கல்லைத் தொட்டுச் சொல்வது வேறு. அது மரபின் பேச்சு. மரபாகவே அதனைப் போற்றலே முறை.

ஆலயத்தின் பழைய பகுதி கருங்கல்லால் ஆனது. உளி பட்ட தழும்புகள் சுவரில் தெரிகின்றன. வானளாவும் கோபுரம் இல்லை. நம் நாட்டுச் சிறு கற்கோயில் ஒன்றினுள் நுழையும் உணர்ச்சியே உண்டாகிறது. மலங்கரை ஆர்த்தடாக்சு சபை 2007 ஆம் ஆண்டில் இதனை உலகளாவிய யாத்திரைத் தலமாக அறிவித்தது. கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சபை ஒன்று தமிழகத்து ஆலயத்தைப் பேணுகிறது. 1956 இன் கோடு மண்ணைப் பிரித்ததே அன்றி வழிபாட்டைப் பிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் பழைய ஆலயம் சிறிது என்று கருதி, அதனை இடித்துப் பெரிதாகக் கட்டும் ஆர்வம் வளர்ந்து வருகிறது. கூட்டம் பெருகும்போது இடம் வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இடிக்கும் முன் ஒருமுறை திருவிதாங்கோட்டிற்குச் சென்று வரலாம். புதியது வேண்டுமெனில் பழையதன் பக்கத்தில் எழலாம். முன்னோர் முழந்தாளிட்ட தரையை ஒருமுறை பெயர்த்துவிட்டால், எத்தனை பொருள் செலவிட்டாலும் அது திரும்பாது.

ஒரு நாட்டின் பெயரையே ஈந்த ஊர் இன்று சிற்றூராய் இருக்கிறது. முழுமை பெற்ற ஏழனோடு தன்னை அரை என்று சொல்லிக்கொண்ட ஆலயம் அவ்வூரில் நிற்கிறது. அறிந்ததை அறிந்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லும் மனிதர் அதன் முற்றத்தில் அமர்ந்திருக்கின்றனர். அடுத்த பதிப்பில் நாங்கள் விட்ட இரண்டு சொற்களையும் சேர்த்துவிட்டோம்.