நடந்து போன மூக்கு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு என் பாராட்டு. ஆனால், நான் பேச வந்தது பரிசு கிடைக்காத ஒரு பிள்ளையைப் பற்றி.

கதைப் போட்டித் தாள்களைத் திருத்திய மூவரில் நானும் ஒருவன். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதியிருந்தான். அப்பா தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். ஒருநாள் அசதியில் தூங்கிவிட்டார். அவருடைய தலைக்கவசம் மட்டும் தனியாகப் புறப்பட்டுப் போய், மாலைவரை வேலை செய்துவிட்டுத் திரும்பியது. ஆள் வராததை அங்கே யாரும் கவனிக்கவே இல்லை!

"தலைக்கவசம் எங்கேங்க நடக்கும்?" என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும்தான் உறைத்தது. ருஷ்ய எழுத்தாளர் கோகல் 1836-லேயே ஒரு மூக்கை நடக்க விட்டவர். ஓர் அதிகாரியின் முகத்திலிருந்து காணாமற்போன மூக்கு, அவரைவிடப் பெரிய பதவிக்குரிய உடுப்புப் போட்டுக்கொண்டு வண்டியில் ஊர்வலம் வருகிறது. சிரித்துக்கொண்டே படிக்கிறோம். மனிதனுக்கல்ல, உடுப்புக்குத்தான் மரியாதை என்பது பிறகுதான் சுடுகிறது. 1842-இல் வந்த அவருடைய 'மேலங்கி' ஓர் ஏழைக் குமாஸ்தாவின் கதை. தஸ்தயெவ்ஸ்கி தம் முதல் நாவலில் அந்தக் கதையைத் தம் நாயகனையே படிக்க வைத்தார். புல்ககோவ் மாஸ்கோவுக்குச் சாத்தானையே வரவழைத்தார். கல்கத்தாவில் வேர்கொண்ட குடும்பத்தில் பிறந்த ஜும்பா லாஹிரி, 2003-இல் வெளிவந்த தம் நாவலின் நாயகனுக்குக் கோகல் என்றே பெயர் வைத்தார்.

நம்மிடம் ஆள் இல்லையா? இருக்கிறார். குப்ரினின் ருஷ்ய நாவலைப் 'பலிபீடம்' என்று தமிழாக்கிய புதுமைப்பித்தன், 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளைச் சென்னைக்கே கூட்டிவந்து காப்பி குடிக்க வைத்தார். பிள்ளையவர்கள் அவரிடமே பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார்! இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நம்மவர் பட்ட பாட்டைத் 'துன்பக்கேணி'யில் எழுதியவரும் அவரே. 1948-இல் மறையும்போது வயது 42தான். அவரோடு பழகிய கு. அழகிரிசாமி 1950-களில் கோலாலம்பூருக்கு வந்து 'தமிழ் நேச'னில் பணியாற்றி, இந்நாட்டு எழுத்தாளர்களை ஊக்கப்படுத்தினார். அந்த விளக்கின் வெளிச்சம் நம் வீட்டு வாசல்வரை வந்ததுதான்.

பெற்றோர்களே, பிள்ளை கண்டபடி எழுதுகிறானே என்று அதட்டிவிடாதீர்கள். அப்பாவின் களைப்பை நேரே சொல்ல அவனுக்குக் கூச்சம். தலைக்கவசத்தை விட்டுச் சொல்ல வைத்தான். அதைப் படிக்கத் தெரியாதவன் நான்தான்.

தம்பி, அடுத்த ஆண்டு இடைநிலைப் பள்ளிக்குப் போகிறாய். அங்கேயும் தமிழில் எழுது. உனக்காகப் புதுமைப்பித்தன் கதைகள் வாங்கி வந்திருக்கிறேன். மேடைக்கு வாப்பா. அப்பாவும் வந்திருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வா.